சாகிநாகா ஆபீஸ்ல 7 வருஷம் ஓடின பேக்கப் சாப்ட்வேர்: எங்க கை கொடுத்துச்சு, எங்க கழுத்தறுத்துச்சு

முதல்லயே சொல்லிடறேன், சாப்ட்வேர் பேரை சொல்லப்போறதில்ல. ரின்யூவல் பேரம் நடந்துட்டு இருக்கு, டீலர் பையன் வேற தெரிஞ்ச பையன். அதுபோக நான் சொல்ற நல்லது கெட்டதுல முக்கால்வாசி இந்த வகை சாப்ட்வேர் எல்லாத்துக்குமே பொருந்தும்.

மும்பைல அந்தேரி ஈஸ்ட், சாகிநாகா பக்கம் ஒரு மருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் ஆபீஸ். நான் ஐடி. ஐடின்னா டிபார்ட்மெண்ட் எல்லாம் இல்ல, சர்வர் ரூம்ல இருந்து பிரிண்டர்ல சிக்கின பேப்பர உருவறது வரைக்கும் நான் ஒருத்தன்தான். ரெண்டு ஹோஸ்ட் மெஷின், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு, புதுசுல 5 விஎம், அதாவது ஒரே மெஷினுக்குள்ள சாப்ட்வேராவே ஓடற தனித்தனி கம்ப்யூட்டர்: பில்லிங் டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் சர்வர், கணக்குக்கு டாலி, ஃபைல் சர்வர், எல்லாரோட லாகினையும் பாத்துக்கற டொமைன் கன்ட்ரோலர், அப்புறம் இன்னொண்ணு, அந்த இன்னொண்ணு பத்தி பின்னாடி சொல்றேன், அதுதான் வில்லன். மொத்த டேட்டா 3.5 டிபி.

2018க்கு முன்னாடி பேக்கப்னா ராத்திரி ரோபோகாப்பிங்கற விண்டோஸ் காப்பி கமாண்ட ஓட்டற ஒரு பேட்ச் ஃபைலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எக்ஸ்டர்னல் டிஸ்க பையில போட்டுக்கிட்டு நான் மெட்ரோ ஏறி காட்கோபர்ல மாறி சயான்ல இறங்கறதும்தான். மழைக்காலத்துல அதுக்கு மூணு பாலித்தீன் கவர் சுத்துவேன். லோக்கல் டிரெயின் கூட்டத்துல கம்பெனியோட மொத்த கணக்கும் என் முதுகுல தொங்கும், அதுல ஒரு பாஸ்வேர்டு கூட கிடையாது, இப்ப நினைச்சா வயிறு கலங்குது. 2005 ஜூலை 26ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அப்ப இந்த ஆபீஸ் கிரவுண்ட் ஃப்ளோர்லதான் இருந்துச்சாம், ஒரு வருஷ கணக்கு தண்ணியோட போயிடுச்சாம். அதனால பேக்கப்னு சொன்னா எங்க சேட் மறுபேச்சு பேசாம செக்ல கையெழுத்து போடுவார், அந்த வகைல நான் குடுத்து வச்சவன்.

சரி, நல்லதுல இருந்து ஆரம்பிக்கறேன். முதல் ஃபுல் பேக்கப் வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு போட்டது ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் முடிஞ்சுது. அதுக்கப்புறம் தினமும் டிஸ்க்ல மாறின துண்டு (பிளாக்) மட்டும் எடுக்கறதால 40, 45 நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும், கம்ப்ரெஷன், டீடூப் (ஒரே டேட்டாவ ரெண்டு தடவை வைக்காம விடறது) எல்லாம் போக 30 நாள் காப்பி ஒரு 6 டிபி நாஸ்ல, அதாவது நெட்வொர்க்ல மாட்டின டிஸ்க் பெட்டில, இடம் பிடிச்சு உக்காந்துக்குது. எஸ்க்யூஎல் லாக (டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வைக்கற ஃபைல) மட்டும் 15 நிமிஷத்துக்கு ஒருக்கா தனியா எடுக்கும், அதாவது என்ன ஆனாலும் போறது அதிகபட்சம் கால் மணி நேர பில்லுதான். ஃபைல் ரெஸ்டோர் பத்தி சொல்லியே ஆகணும். ஜிஎஸ்டிஆர் 3பி (மாசாமாச ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கடைசி நாள் 20ஆம் தேதின்னா 18ஆம் தேதி அக்கவுண்ட்ஸ்ல யாராவது ஒருத்தர் எக்செல் மேல எக்செல சேவ் பண்ணிட்டு மூஞ்சி வெளுத்து வந்து நிப்பாங்க, இது மாசாமாசம் நடக்கற திருவிழா, நான் நேத்து ராத்திரி காப்பிய திறந்து அந்த ஒரு ஃபைல மட்டும் இழுத்து குடுத்துட்டு டீ குடிக்க போயிடுவேன். 7 வருஷத்துல இந்த ஒரு விஷயத்துக்கே காசு செரிச்சுடுச்சுன்னு சொல்வேன்.

ஆனா பெரிய ரெஸ்டோர் ஒண்ணே ஒண்ணுதான் நிஜமா வந்துச்சு. 2020 அக்டோபர் 12, திங்கக்கிழமை, காலைல 10 மணி வாக்குல மும்பை மொத்தமும் கரண்ட் போச்சு, டிரெயின் நடுவழில நின்னுச்சு, ஞாபகம் இருக்கும். மருந்து கம்பெனிங்கறதால கொரோனா சமயத்துலயும் நாங்க ஆபீஸ்லதான் இருந்தோம். டெஸ்க்டாப் எல்லாம் உடனே அணைஞ்சுடுச்சு, சர்வர் மட்டும் யூபிஎஸ்ல 40 நிமிஷம் ஓடுச்சு, பில்டிங் ஜெனரேட்டர் ஸ்டார்ட்டே ஆகல, நான் ஒழுங்கா ஷட்டவுன் குடுத்திருக்கணும், இதோ வந்துடும் இதோ வந்துடும்னு உக்காந்திருந்தேன். கரண்ட் திரும்பி வந்து ஆன் பண்ணா புது ஹோஸ்ட்ல ரெய்டு 5, அதாவது பல டிஸ்க்க ஒண்ணா கட்டின ஏற்பாடு, நாலு டிஸ்க்ல ரெண்டுல ஆரஞ்சு லைட்டு. ஒண்ணு போனா பொழைக்கலாம், ரெண்டு போனா ரெய்டு 5க்கு கதை முடிஞ்சுது.

பயப்படல. நாஸ்ல காப்பி இருக்கு, பழைய ஹோஸ்ட் உயிரோட இருக்கு, நாஸ்ல இருந்தே விஎம்ம நேரா பூட் பண்ற வசதி இருக்கு. பேக்கப் சாப்ட்வேரோட கன்சோல திறக்கலாம்னு போறேன், கன்சோல் இல்ல. ஏன்னா பேக்கப் சர்வரையும் அதே ஹோஸ்ட்ல அஞ்சாவது விஎம்மா நான்தான் போட்டு வச்சிருந்தேன், மேல சொன்ன வில்லன் அதுதான். வீட்டு சாவிய வீட்டுக்குள்ளயே வச்சு பூட்டின கதை. சரின்னு லேப்டாப்ல சாப்ட்வேர புதுசா இன்ஸ்டால் பண்ணி நாஸ்ல இருக்கற காப்பிய இம்போர்ட் பண்ணா அது என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டு கேக்குது. 24 எழுத்து. பாஸ்வேர்டு எங்க இருக்கு, எக்செல் ஷீட்ல. எக்செல் ஷீட் எங்க இருக்கு, ஃபைல் சர்வர்ல. ஃபைல் சர்வர் எங்க இருக்கு, கேக்காதீங்க.

சேட் பின்னாடி வந்து நின்னுட்டார், ஒண்ணும் பேசல, அதுதான் அதிகமா பயமா இருந்துச்சு. அப்ப அக்கவுண்ட்ஸ் அண்ணன், திருநெல்வேலிக்காரர், தாராவில இருந்து வர்றவர், எட்டிப்பாத்து என்னன்னு கேட்டார். சொன்னேன். "தம்பி, அந்த பாஸ்வேர்டு ஷீட்டா? அது நம்ம வவுச்சர் ஃபைல்ல கெடக்குல்லா"ன்னார். மனுஷனுக்கு கண்ணுல படறத எல்லாம் பிரிண்ட் எடுத்து பஞ்ச் பண்ணி ஃபைல் போடற வியாதி, ரெண்டு வருஷம் முன்னாடி நான் அவருக்கு அனுப்பின ஷீட்ட அப்படியே ஏர்கூலர் ஏஎம்சி பில்லுக்கும் டீக்கடை பில்லுக்கும் நடுவுல போட்டு வச்சிருக்கார். பஞ்ச் ஓட்டை சரியா ஒரு எழுத்து மேல விழுந்திருந்துச்சு, பெரிய ஓவா பூஜ்யமான்னு தெரியல, ரெண்டாவது தடவைல திறந்துச்சு.

சாயங்காலம் 4.10க்கு பில்லிங் ஓடுச்சு. நாஸ்ல இருந்து ஓடறதால ஸ்க்ரீன் ஒவ்வொண்ணும் தாதர் ஸ்டேஷன் படிக்கட்டுல சாயங்காலம் ஏறற மாதிரிதான் நகர்ந்துச்சு, ஆனா நகர்ந்துச்சு. கடைசி லாக் பேக்கப் 10.30, சர்வர் விழுந்தது 10.40, நடுவுல யாரும் பில்லே போடல, ஒரு ரூபாய் கணக்கு கூட போகல. புது டிஸ்க் வந்து எல்லாத்தையும் ஒழுங்கா திருப்பி வைக்க 3 நாள் ஆச்சு, அது யாருக்கும் தெரியாது. இந்த இடத்துல சாப்ட்வேருக்கு ஒரு கும்பிடு, அன்னைக்கு சொதப்பினது முழுக்க நான்.

இப்ப கெட்டது. இதுக்கு ஒரு பச்சை டிக், ஒரு மஞ்சள் டிக், ஒரு சிவப்பு டிக் இருக்கு. மஞ்சள்தான் எமன். 2022ல விண்டோஸ் அப்டேட் ஒண்ணுக்கு அப்புறம் எஸ்க்யூஎல் மெஷின்ல விஎஸ்எஸ் தகராறு பண்ண ஆரம்பிச்சுது, அதாவது டேட்டாபேஸ ஒரு நொடி அமைதியா நிறுத்தி காப்பி எடுக்க வைக்கற விண்டோஸ் சமாச்சாரம். சாப்ட்வேர் என்ன பண்ணுச்சுன்னா, அது வேலை செய்யலன்னா சும்மா கரண்ட் புடுங்கின மாதிரி ஒரு காப்பி எடுத்துக்கிட்டு "முடிஞ்சுது, சின்ன எச்சரிக்கையோட"ன்னு மஞ்சள் மெயில் அனுப்பிட்டு போயிட்டே இருந்துச்சு. லாக் பேக்கப் நடக்கல, அதனால லாக் ஃபைலும் காலியாகல, 5 வாரத்துல 180 ஜிபி ஆகி டிஸ்க் நிறைஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பில்லிங் நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. மெயில் எல்லாம் வந்திருக்கு, தினமும், நான் போட்ட ரூல்படி ஒழுங்கா ஒரு ஃபோல்டருக்கு போய் படுத்திருக்கு.

இதுல நான் மட்டும் தனி ஆள் இல்லங்கறது ஒரு ஆறுதல். 2017 ஜனவரி 31ல ப்ரோக்ராமருங்க கோட் வைக்கற கிட்லேப் கம்பெனில ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டு பேக்கப்ப தேடினா, டம்ப் (டேட்டாபேஸ் காப்பி) எடுக்கற டூலோட வெர்ஷன் டேட்டாபேஸ் வெர்ஷனோட பொருந்தாம ரொம்ப நாளா ஃபெயில் ஆகிட்டு இருந்திருக்கு, ஃபெயில்னு சொல்ற மெயிலும் டிமார்க்ங்கற மெயில் சரிபார்ப்பு பிரச்சனைல ரிஜெக்ட் ஆகிட்டு இருந்திருக்கு. அதுக்கு 6 மணி நேரம் முன்னாடி தற்செயலா ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அந்த நேரத்து காப்பி) எடுத்து வச்சதாலதான் தப்பிச்சாங்க. அவங்களுக்கே அப்படின்னா பிரிண்டர்ல பேப்பர் உருவற எனக்கு என்ன. ஆனா 15 நிமிஷ லாக் பேக்கப்னு காசு வாங்கின சாப்ட்வேர், அது 5 வாரமா நடக்கலன்னா ஏன் சிவப்பு காட்டலங்கற கேள்விக்கு சப்போர்ட்ல கடைசி வரைக்கும் பதில் இல்ல. லாக் பண்டில், அதாவது சாப்ட்வேர் எழுதி வச்ச குறிப்பு ஃபைல் மூட்டை, அனுப்புங்கன்னாங்க, 2 ஜிபி அனுப்பினேன், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மறுபடி லாக் பண்டில் அனுப்புங்கன்னார்.

க்ளவுட் காப்பி பத்தி. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்ல ரான்சம்வேர் (ஃபைல பூட்டி பணம் கேக்கற வைரஸ்) வந்து ரெண்டு வாரம் பேப்பர்ல சீட்டு எழுதினாங்கல்ல, அதை டிவில பாத்துட்டு சேட் கேட்டார், நம்மகிட்ட வந்தான்னா பேக்கப்பையும் அழிப்பானான்னு. அழிப்பான், ஏன்னா நாஸும் பேக்கப் சர்வரும் அதே டொமைன்ல இருந்துச்சு, ஒரு அட்மின் பாஸ்வேர்டு கிடைச்சா எல்லாம் கிடைச்ச மாதிரி. அதுக்கப்புறம் பேக்கப் சர்வர டொமைன்ல இருந்து வெளிய எடுத்து தனி பழைய டெஸ்க்டாப்ல போட்டேன், ஒரு காப்பிய ஹைதராபாத்ல இருக்கற க்ளவுட்டுக்கு யாரும் அழிக்க முடியாதபடி பூட்டு போட்டு அனுப்ப ஆரம்பிச்சேன். மும்பைலயே க்ளவுட் இருக்கேன்னு கேக்கலாம், இதே மழை இதே கரண்ட்டு, வேற ஊர்ல இருக்கறதுதான் நல்லது. கம்பெனி சட்ட விதிகள்ல 2022 ஆகஸ்ட்ல வந்த திருத்தப்படி கணக்குப் புத்தக பேக்கப் இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல தினமும் எடுக்கணும், ஆடிட்டர் கேக்கறப்ப அதுக்கான ரிப்போர்ட்ட சாப்ட்வேரே பிடிஎஃப்பா குடுத்துடுது, இது ஒரு சௌகரியம்.

ஆனா யாரும் அழிக்க முடியாதுன்னா யாரும்னா யாரும்தான். 30 நாள்னு போட வேண்டிய இடத்துல நான் 300ன்னு போட்டுட்டேன், கம்ப்ளையன்ஸ் மோடுல. அக்கவுண்ட் ஓனரே நினைச்சாலும் அந்த 300 நாள் முடியாம ஒரு பைட் நகராது. வாராவாரம் காப்பி சேர சேர பில் ஏறுது, மாசம் 4,000 வர வேண்டியது 19,000 வந்தப்ப அக்கவுண்ட்ஸ் அண்ணன் அதையும் பிரிண்ட் எடுத்து என் மேஜைல வச்சுட்டு போனார். "300 நாளா, நிச்சயமா?"ன்னு ஒரு கேள்வி அந்த ஸ்க்ரீன்ல கேட்டிருக்கலாம். இன்னொரு கணக்கும் இருக்கு, டீலர் சொல்ல மாட்டார்: 3.5 டிபிய 100 எம்பிபிஎஸ் லைன்ல திருப்பி இறக்கணும்னா லைன் முழுசா நமக்கே கிடைச்சாலும் 78 மணி நேரம், மூணே கால் நாள். டிசாஸ்டர் ரெகவரின்னு ப்ரோஷர்ல போட்டிருக்கற அந்த மேகப் படத்துக்குப் பின்னாடி இந்த மூணே கால் நாள் ஒளிஞ்சிருக்கு. அதனால முதல்ல எஸ்க்யூஎல் மட்டும், அது 220 ஜிபிதான், 5 மணி நேரத்துல வந்துடும், மத்ததெல்லாம் மெதுவான்னு வரிசை எழுதி வச்சிருக்கேன்.

லைசென்ஸ் பத்தி அதிகம் பேச விரும்பல, பிபி ஏறும். ஆரம்பத்துல ப்ராசஸர் கணக்குக்கு ஒரே தடவை காசு, இப்ப ஒவ்வொரு மெஷினுக்கும் வருஷ சந்தா. லினக்ஸ்ல ஒரு சின்ன மெஷின் இருக்கு, கெர்னல் அப்டேட் ஆனா அதுல போட்ட பேக்கப் ஏஜென்ட் படுத்துக்கும், அதை விட்டுட்டேன், அதுக்கு ரெஸ்டிக்ங்கற வேற பேக்கப் டூல் போட்டுக்கிட்டேன், ஃப்ரீ, இதுவரைக்கும் தொல்லை இல்ல. வேற ஹார்டுவேர்ல பேர் மெட்டல் ரெஸ்டோர் (ஒண்ணுமே இல்லாத வெறும் மெஷின்ல எல்லாத்தையும் திருப்பி வைக்கறது) ஒருக்கா டெஸ்ட் பண்ணேன், ரெகவரி பென் டிரைவ்ல அந்த ரெய்டு கார்டுக்கு டிரைவர் இல்ல, டிஸ்க்கே தெரியல. டிரைவர சேத்து புது பென் டிரைவ் செஞ்சு லேபிள் ஒட்டி வச்சாச்சு.

இப்ப நிலைமை என்னன்னா பில்லிங், டாலி, ஃபைல் சர்வர் மூணுக்கும் மட்டும் இன்னொரு வருஷம் இதையே ரின்யூ பண்ணலாம்னு இருக்கேன், மத்ததுக்கு ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணு பழைய டெஸ்க்டாப்ல ஓட்டிப் பாத்துட்டு இருக்கேன். மூணு மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பழைய ஹோஸ்ட்ல நெட்வொர்க்க கழட்டிட்டு எல்லாத்தையும் எழுப்பிப் பாக்கறேன், போன தடவை 2 மணி 20 நிமிஷம் ஆச்சு, அதுல 25 நிமிஷம் பாஸ்வேர்டு டைப் பண்ணதுலயே போச்சு. அந்த பேப்பர் இப்பவும் அண்ணன் ஃபைல்லதான் இருக்கு, பஞ்ச் ஓட்டைய தள்ளிப் போட்டு புதுசா ஒரு பிரிண்ட். இன்னொண்ணு சேட்டோட லாக்கர்ல, லட்சுமி பூஜை வெள்ளிக்காசு டப்பாவுக்கு அடியில.