கால்சோய் தீவுக்குக் கிராமச் சுற்றுலா போகப் பணம் கட்டும் முன்

இந்தக் கோடை விடுமுறைக்கு டென்மார்க்கிலுள்ள நம்மவர்கள் பலர், வட அத்திலாந்திக் கடலில் டேனிஷ் அரசின் கீழ் உள்ள ஃபரோ தீவுகளுக்குப் போகவிருப்பதாக அறிகிறேன். கோபன்ஹேகனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம்தான். காசு மாற்றத் தேவையில்லை, டேனிஷ் மொழியில் சமாளித்துவிடலாம். தாராளமாகப் போங்கள். ஆனால் ‘ஒரே நாளில் நான்கு கிராமங்கள், உள்ளூர் வழிகாட்டி, கிராமத்து வீட்டில் மதிய உணவு’ என்று கால்சோய் தீவுக்கு அழைத்துப்போகும் விளம்பரத்தைப் பார்த்தால், எங்களுக்கு நடந்ததை ஒருமுறை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபரோவின் பதினெட்டுத் தீவுகளில் கால்சோய் வடகிழக்கே நீளமாக, ஒடுக்கமாகக் கிடக்கும் தீவு. ஊர்கள் நான்கே: சீராடாலுர், ஹூசார், மிக்லாடாலுர், துரோல்லாநேஸ். நான்கிலும் சேர்த்து நூறு பேருக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். விளம்பரத்தில் என்னை இழுத்தது ஒரு படம். சன்னலோரம் ஒரு மரமேசை, நீலக்கோடு போட்ட விரிப்பு, அதன் மேல் உலர்ந்த ஆட்டிறைச்சித் துண்டுகள், ரொட்டி, ருபார்ப் ஜாம், சன்னலுக்கு வெளியே கடல். வீட்டிலேயே சமைத்து விருந்தினருக்குப் பரிமாறும் வழக்கம் ஃபரோவில் உண்மையாகவே உண்டு. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் அந்த வீட்டாருடன் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். அதற்காகத்தான் ஆளுக்கு 1,450 குரோனர் கொடுத்தோம். நான், கணவர், மகள் என மூவருக்கு 4,350. பாதியை வங்கி அட்டையில் கட்டினோம். மீதியைக் காலையில் காசாகத் தரச் சொன்னார்கள். அங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

தலைநகர் தோர்ஸ்ஹாவ்னில் எட்டு மணிக்கு வரவேண்டிய வான் வண்டி ஒன்பதைத் தாண்டி வந்தது. அதன் பிறகும் இரண்டு தங்குவிடுதிகளில் ஆளேற்றினார்கள். மொத்தம் பதினொரு பேர். கடலடிச் சுரங்கங்கள் வழியே கிளாக்ஸ்விக் துறைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கால்சோய்க்குப் போகும் படகில் இருபது கார்கூட ஏறாது. வாகனங்களுக்கு அன்று முன்பதிவும் இல்லை, வரிசையில் முன்னால் நிற்பவருக்கே இடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வரிசை தெருமுனை வரை நின்றது. முற்பகல் படகு எங்கள் கண்ணெதிரே போனது. அடுத்ததிலும் இடமில்லை. மூன்று மணி நேரம் வானுக்குள் உட்கார்ந்திருந்தோம். நடந்து ஏறுபவர்களுக்குப் படகில் இடமிருந்தது, அக்கரையில் ஊர்களுக்கு ஒரு சிறு பஸ்ஸும் ஓடுகிறது. வழிகாட்டி அதைச் சொல்லவேயில்லை. பக்கத்துக் காரில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இருபது நிமிடத்தில் படகு அக்கரை சேர்ந்தது. கால்சோயில் ஊருக்கு ஊர் மலையைக் குடைந்து பாதை போட்டிருப்பதால் அந்தத் தீவைப் புல்லாங்குழல் என்கிறார்கள். ஒற்றை வழிப் பாதை, உள்ளே விளக்கில்லாத இருட்டு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு இடையிடையே இடம் விட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கத்து வண்டி ஒதுங்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. ‘உள்ளூர் வழிகாட்டி’க்கு அது தெரியவில்லை. எதிரே வந்த கார்க்காரர் இறங்கி வந்து சொல்லிக்கொடுத்த பிறகுதான் வானைப் பின்னெடுத்தார். என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹூசாரில் நிற்கவே இல்லை. “இதுதான் ஹூசார்” என்ற அறிவிப்போடு அந்த ஊர் முடிந்தது.

துரோல்லாநேஸ்தான் வடகோடி ஊர். 1980களில் சுரங்கம் வரும் வரை அங்கே போக மலைப்பாதை அல்லது கடல் என்ற இரண்டே வழி. அங்கிருந்து முக்கால் மணி நேரம் செங்குத்துப் புல்வெளியில் நடந்தால் கத்லுர் கலங்கரை விளக்கம் வரும். அந்த நிலம் தனியாருடையது, செம்மறிகள் மேயும் நிலம். ஃபரோவில் ஆடும் நிலமும் எவ்வளவு கவனமாக வகுக்கப்பட்டவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: அந்த நாட்டின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றே 1298ஆம் ஆண்டின் செம்மறிச் சட்டம்தான். நடப்பதற்கு நில உரிமையாளர் ஆளுக்கு 200 குரோனர் கட்டணம் வாங்குகிறார். அது நியாயமே, பாதையைப் பேண வேண்டும் அல்லவா? வழிகாட்டி எங்கள் மூவரிடமும் 600 குரோனர் காசாக வாங்கி, தானே கட்டிவிடுவதாகச் சொன்னார். பிறகு வாசற்கதவு வழியே விடாமல் வேலியைத் தாண்டச் சொன்னார். சுருக்கு வழி என்றார். திரும்பி வந்தபோது ஒருவர் நின்றுகொண்டு டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். யாரிடமும் இல்லை. வழிகாட்டி வானுக்குள் இருந்தார், இறங்கவில்லை. டேனிஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் நானே பேச வேண்டியிருந்தது. அந்த மனிதர் கோபப்படவில்லை. “ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் நடக்கிறது” என்றார், அவ்வளவுதான். பதினான்கு வயது மகள் பக்கத்தில் நிற்க, வேலி தாண்டியவளாக அவர் முன் நின்றது என் வாழ்நாளில் மறக்காது. நாங்கள் இன்னுமொருமுறை 600 குரோனர் கட்டினோம்.

மதிய உணவு? வீட்டுக்கார அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையில் இருந்த கடைச் சாண்ட்விச்சை வழிகாட்டி நீட்டினார். மணி அப்போது நான்கு.

மிக்லாடாலுரில் பதினைந்து நிமிடம் தருவதாகச் சொல்லி இறக்கிவிட்டார். கடலோரப் பாறையில் கோபாகோனன், அதாவது கடல்நாய்ப் பெண்ணின் சிலை, 2014 முதல் நிற்கிறது. பதின்மூன்று மீட்டர் அலையையும் தாங்கும்படி வார்த்ததாம். அவள் யார், ஏன் அங்கே நிற்கிறாள் என்று வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர் மேலே தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா. அவள் கடல்நாய்த் தோலைக் கழற்றிவிட்டுப் பெண்ணாகக் கரையேறியபோது, ஊர் இளைஞன் ஒருவன் அந்தத் தோலை ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொண்டான். தோல் கிடைத்த நாளில் அவள் கடலுக்குத் திரும்பினாள். பின்னாளில் ஊரார் வேட்டையில் அவளுடைய கடல்நாய்க் கணவனையும் குட்டிகளையும் கொன்றார்கள். அவள் சபித்தாள்: இந்த ஊர் ஆண்கள் கடலில் மூழ்குவார்கள், மலையுச்சியிலிருந்து விழுவார்கள், இறந்தவர்கள் கைகோத்தால் தீவையே சுற்றிவரும் அளவுக்கு. நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன. அதைச் சொன்னேன். அந்த அம்மா துணியைக் கூடையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

போகும்போது, விருந்து தவறிய வருத்தத்தில், விளம்பரப் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

“இது என் மேசை.”

கணவர் இறந்ததிலிருந்து அவர் விருந்தினரை ஏற்பதில்லை. இந்த நிறுவனம் அவரிடம் எப்போதும் பேசியதே இல்லை. முன்பு வந்த யாரோ எடுத்த படம் அது. அதை நம்பி வருபவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், இல்லை என்றால் முகம் சுளித்துவிட்டுப் போகிறார்கள். “எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது” என்றார். அவருக்கு என்ன வெட்கம்! எங்கள் பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த முதிய பெண்ணின் மேசையை அவருக்கே தெரியாமல் விற்றிருக்கிறார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். படகும் வானிலையும் தங்கள் கையில் இல்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது. அட்டையில் கட்டிய 2,175 குரோனருக்கு வங்கியில் முறையீடு செய்திருக்கிறேன். விளம்பரப் பக்கத்தை அன்றே படமெடுத்து வைத்திருந்தது இப்போது உதவுகிறது. காசாகக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

போகிறவர்கள் இவற்றைக் கேளுங்கள். விருந்து எந்த வீட்டில் என்று கேட்டு, முடிந்தால் அந்த வீட்டாரிடமே நேரில் உறுதி செய்யுங்கள். நடைக் கட்டணத்தை நீங்களே கட்டி டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிப் படகு, அதில் வானுக்கு இடமில்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். கையில் காசாகத் தரச் சொன்னால் விலகிவிடுங்கள். உண்மையில் கிளாக்ஸ்விக்கில் ஓர் இரவு தங்கி, முதல் படகில் நடந்தே ஏறினால் வழிகாட்டி தேவையே இல்லை. ஆனால் திரும்பும் படகின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வேலியைத் தாண்டாதீர்கள், அழைக்காத வீட்டின் கதவைத் தட்டாதீர்கள்.

அந்தப் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இன்று காலையும் பார்த்தேன். நீலக்கோடு போட்ட விரிப்போடு அந்த மேசை இன்னும் அங்கேதான் இருக்கிறது.