லிட்மன் கிளாசிக் 3: ஆறு ஆண்டுகளாக என் கழுத்தில்

பயிற்சி ஆண்டில் இருக்கும் மாணவிகள் இருவர் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, லிட்மன்தான் வாங்க வேண்டுமா? ஆயிரம் ரூபாய் ஸ்டெதாஸ்கோப் போதாதா?" அப்போது நின்று பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் ஓர் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். அறுவை சிகிச்சை நிபுணர் காலையில் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஒவ்வொரு படுக்கையாகப் போய் நோயாளியைப் பார்த்து, தையல், வடிகுழாய், சிறுநீர் அளவு, மூச்சு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்க வேண்டும். முடிவு எடுப்பவர் அவர். ஆனால் அவர் எடுக்கும் முடிவு பல நாட்களில் நான் சொல்லும் ஒரு வரியில்தான் தொடங்குகிறது. "இடது பக்கம் அடியில் மூச்சொலி குறைந்திருக்கிறது சார்" என்று சொன்னால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். அந்த ஒரு வரி தவறக்கூடாது.

இந்தக் கருவியில் நெஞ்சில் வைக்கும் பகுதிக்கு இரண்டு முகங்கள். பெரியது பெரியவர்களுக்கு, சிறியது குழந்தைகளுக்கு. மிகவும் மெலிந்தவர்களின் விலா எலும்புகளுக்கு நடுவில் வைக்கவும் சிறிய முகம்தான் வசதி. இதை வாங்கியதற்கு எனக்கு முக்கியக் காரணம் டயாஃப்ரம், அதாவது தோலில் படும் மெல்லிய வட்டத் தகடு. மெல்ல வைத்தால் தாழ்ந்த ஒலி கேட்கும். சற்று அழுத்தினால் கூர்மையான ஒலி தெளியும். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது அறைகளுக்கு நடுவில் உள்ள வால்வு) சுருங்கிய நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கருவி தோலைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் தூரத்து இடிபோல ஓர் உறுமல் வரும். கை கொஞ்சம் கனத்தாலும் அது மறைந்துவிடும். இந்த அழுத்தம் கைக்குப் பழக எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓ.பி.யில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உலோக மைட்ரல் வால்வு பொருத்திய ஒரு பெண், கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது என்று வந்தார். நல்ல நிலையில் உள்ள உலோக வால்வு மூடும்போது கடிகாரம்போல 'டிக்' என்று சுத்தமாகக் கேட்கும். இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும் என்பார்கள். இவருக்கு அந்த 'டிக்' துணியில் சுற்றியதுபோல மங்கியிருந்தது. இரண்டு முறை கேட்டேன். காதுமுனையைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் கேட்டேன். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது, வாங்க டவுனுக்குப் போக முடியவில்லை என்று அவருடைய மாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டரிடம் ஓடினேன். அவரும் கேட்டுவிட்டு உடனே எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, அனுப்பினார். வால்வின் ஓர் இதழ் சரியாகத் திறக்கவில்லை. அன்று மாலையே ஐ.சி.யு.வில் சேர்த்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து தொடங்கினார்கள்.

மலிவான கருவியிலும் அந்த மாற்றம் கேட்டிருக்கலாம். ஆனால் தினமும் ஒரே கருவியில் நூற்றுக்கணக்கான வால்வுகளைக் கேட்ட காது இருந்ததால்தான் "மங்கியிருக்கிறது" என்று தயங்காமல் சொல்ல முடிந்தது. எங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அந்தத் துணிவு வேண்டும்.

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததும் எல்லோரும் "டாக்டரம்மா" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "நான் டாக்டர் இல்லை அம்மா, டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்கிற பிசிஷியன் அசிஸ்டென்ட்" என்று திருத்துகிறேன். வாங்கும்போதே நெஞ்சில் வைக்கும் உலோகத்தில் என் பெயரோடு 'பி.ஏ.' என்றும் பொறிக்கச் சொன்னேன். தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. இங்கிலாந்தில் இதே குழப்பம் பெரிய சர்ச்சையாகி, அந்நாட்டு அரசு கேட்டு 2025-இல் வந்த லெங் அறிக்கை அங்கே 'பிசிஷியன் அசோசியேட்' என்றிருந்த பெயரை மீண்டும் 'அசிஸ்டென்ட்' என்று மாற்றப் பரிந்துரைத்தது. இந்தியாவில் இந்தப் படிப்பை 1992-இல் டாக்டர் கே.எம்.செரியன் தொடங்கியது நம் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில். நம்மையும் உட்படுத்திய மத்தியச் சட்டம் வர 2021 வரை காத்திருந்தோம். இத்தனை ஆண்டு வேலைக்குப் பிறகும் நாம் யார் என்பதைப் படுக்கை படுக்கையாக விளக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

கருவிக்குத் திரும்புகிறேன். வென்டிலேட்டர் இரைச்சலில் எந்த ஸ்டெதாஸ்கோப்பும் திணறும், இதற்கும் விலக்கில்லை. இதயம் மட்டுமே வேலை என்றால் இதே நிறுவனத்தின் கார்டியாலஜி 4 இருக்கிறது. விலை மிகவும் அதிகம். வார்டு, ஓ.பி., குழந்தைகள் என்று எல்லாம் பார்ப்பவருக்கு கிளாசிக் 3 தாராளம். டியூபைக் கழுத்துத் தோலில் படவிடாமல் காலருக்கு மேல் போடுங்கள், தோலின் எண்ணெய் பட்டால் நாளடைவில் விறைத்துவிடும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள், எதிலும் ஊறவைக்காதீர்கள்.

பாதி விலை என்று இணையத்தில் பார்த்து வாங்காதீர்கள். என் தோழி ஒருத்தி அப்படி வாங்கினாள். பெட்டி அச்சு அசலாக இருந்தது, வந்தது போலி. டயாஃப்ரத்தை எப்படி அழுத்தினாலும் ஒரே ஒலி. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். விலை அதிகம்தான், எனக்கு அப்போது மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரே தவணையில் முடியாவிட்டால் பயிற்சி முடிந்து முதல் சம்பளம் வரும்வரை பொறுத்திருங்கள். ரத்த அழுத்தம் பார்க்க அதுவரை ஆயிரம் ரூபாய்க் கருவி போதும்.

அந்த இரண்டு மாணவிகளும் வியாழக்கிழமை மாலை உங்கள் கருவியை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வாருங்கள். ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு உலோக வால்வு. அவர் சம்மதித்தால் உங்கள் கருவியையும் என் லிட்மனையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.