எஸ்ஜே413-க்கு 2 அங்குல லிஃப்ட்: எதற்குக் காசு போட்டேன், எதை விட்டேன்

என் எஸ்ஜே413 போன்ற பழைய சுசூகி ஜீப்பை உயர்த்த வேண்டும் என்று கொழும்பில் யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் "நீட்டு ஷெக்கல் போடுங்க" என்பதுதான். ஷெக்கல் என்பது பிளேட் ஸ்பிரிங்கின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைக்கும் சின்ன இரும்புத் துண்டு. மலிவு, கொஞ்ச நேர வேலை, அன்றைக்கே வண்டி உயர்ந்து நிற்கும். நான் அந்த வழிக்குப் போகவில்லை. நாலு பக்கமும் ஓல்ட் மேன் ஈமு ஸ்பிரிங்கும் ஷொக்கும் போட்டு, மாரி மழையிலும் ஓடி, வெயிலில் காய்ந்த கிரவல் ரோட்டிலும் ஓடிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். கையில் காசு குறைவென்றால் உயரத்தில் குறையுங்கள், ஸ்பிரிங்கில் குறைக்காதீர்கள். என் கட்சி அதுதான்.

என் தொழில் நில அளவை. வீடு வெள்ளவத்தையில், வேலை பெரும்பாலும் மொனராகலை, வெல்லவாய பக்கம். பின்னால் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியின் பெட்டி, முக்காலிகள், இரண்டு உதவியாட்கள், போகிற வழியில் ஏற்றும் கொங்கிரீட் எல்லைக்கற்கள். பாரம் என்றால் அந்தக் கற்கள்தான். பழைய ஸ்பிரிங் ஏற்கெனவே வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. கல் ஏற்றினால் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வளைந்து, ஒவ்வொரு குழியிலும் அச்சு பம்ப் ஸ்டொப்பில் (அச்சு சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்க் கட்டை) போய் இடிக்கும். உள்ளே இருக்கும் கருவி, ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்த செக்கன் கணக்கில் கோணம் அளப்பது. ஒவ்வொரு இடியும் எனக்கு நெஞ்சில் விழும்.

வேறு வண்டி வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025-இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய ஜீப்புகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இருக்கிற வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் எனக்குக் கட்டும்.

சரி, நீட்டு ஷெக்கல் ஏன் வேண்டாம்? முதலாவது, ஷெக்கலை 2 அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். ஸ்பிரிங்கின் ஒரு நுனி மட்டும்தான் இறங்குகிறது, அச்சு நடுவில் இருக்கிறது. இரண்டாவது, இதுதான் பெரிய சங்கதி, இந்த ஜீப்பில் முன் ஸ்பிரிங்கின் ஷெக்கல் முன் நுனியில் இருக்கிறது. அதை நீட்டும்போது ஸ்பிரிங் மூக்குக் குப்புறச் சாய்கிறது, அதோடு முன் அச்சும் முன்பக்கம் உருள்கிறது. கஸ்டர் கோணம், அதாவது முன் சில்லு திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு, குறைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. தென் அதிவேகப் பாதையில் வண்டி இடமும் வலமும் அலையும், நீங்கள் திருத்திக்கொண்டே போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஜீப்பை அப்படி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மத்தளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள் இரண்டும் இறுகிவிட்டன. இத்தனைக்கும் தட்டையான ஸ்பிரிங் தட்டையாகவே இருக்கிறது. ஷெக்கல் அதற்கு எந்தப் பலமும் கொடுப்பதில்லை.

அடுத்தது, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி வளைத்து, இன்னொரு பிளேட் சேர்ப்பது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு நானாவிடம் என் ஸ்பிரிங்கைக் காட்டினேன். சுண்டிப் பார்த்தார், நடு போல்ட்டைச் சுற்றித் தடவினார். "வளைச்சுத் தரலாம் சேர். ஆனா இது களைச்ச இரும்பு. நீங்க கல்லு ஏத்துற ஆள். ஆறு மாசத்துல திரும்பவும் படுத்துடும், அப்புறம் என்னைத்தான் ஏசுவீங்க" என்றார். தனக்கு வரும் வேலையைத் தானே வேண்டாம் என்று சொன்ன மனிதர். அன்றிலிருந்து, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் எல்லாம் அவரிடம்தான். வளைத்தெடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாரம் ஏற்றாத, அதிகம் ஓடாத ஜீப்புக்குப் போதும். ஆனால் காஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி வளைக்கிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் இரும்பின் பதமே அதில் போய்விடும். தனியே ஒரு தடித்த பிளேட்டை நுழைத்தாலோ பாரத்தைத் தாங்கும்தான், வெறும் வண்டியில் முதுகை உடைக்கும்.

இனி நான் வாங்கியது. ஓல்ட் மேன் ஈமு என்பது ஏஆர்பி கம்பனியின் சரக்கு. ஏஆர்பி 1975-இல் மெல்பேர்னில் தொடங்கியது. அங்கே இருக்கும் மச்சான் கப்பலில் அனுப்பி வைத்தார். ஸ்பிரிங் நல்ல பாரம், விமானத்தில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். உள்ளூரில் வளைத்தெடுப்பதோடு ஒப்பிட்டால் செலவு பல மடங்கு. அந்த இடைவெளியைக் குறைக்க ஸ்பிரிங்கும் ஷொக்கும் மட்டும் அங்கிருந்து எடுத்தேன். ஷெக்கல், புஷ், பின், யூ போல்ட், நீளமான பிரேக் ஹோஸ் எல்லாம் பஞ்சிகாவத்தையில். யூ போல்ட்டைப் பழையதையே போடச் சொன்னால் விடாதீர்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்ட மரை, திரும்ப அதே பிடி பிடிக்காது. புது ஸ்பிரிங்கின் கனமும் வேறு, அளவெடுத்துத்தான் வளைப்பிக்க வேண்டும்.

எந்தக் கம்பனி ஸ்பிரிங் வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்க்க இரண்டு இடம் உண்டு. பிளேட் நுனி சதுரமாக வெட்டி விட்டிருக்கிறதா, மெலிந்து முடிகிறதா? மெலிந்து முடிந்தால் மேல் பிளேட்டை அறுக்காமல் வழுக்கும். அப்புறம், இரண்டாவது பிளேட் மெயின் பிளேட்டின் கண்ணை, அதாவது போல்ட் நுழையும் நுனி வளையத்தை, சுற்றி வருகிறதா? வந்தால், நடுக்காட்டில் மெயின் பிளேட் முறிந்தாலும் அச்சு இடம் நகராமல் வீடு வந்து சேரலாம்.

பூட்டுவதற்குக் கொடுத்த முதல் கராஜில் எனக்கு மனக்கசப்பு. ஜீப் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷெக்கல் போல்ட்டையெல்லாம் முழு இறுக்கு இறுக்கிவிட்டார்கள். "பாஸ், வண்டியை நிலத்துல இறக்கிட்டு இறுக்கலாமே" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "எல்லாம் ஒண்டுதான் சேர்" என்று பதில். ஒன்றல்ல. போல்ட்டைச் சுற்றி ஸ்பிரிங் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் திருகுப்பட்டுத்தான் வேலை செய்கிறது. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிலத்தில் நிற்கும்போதே புஷ் முழுதாகத் திருகி நிற்கும். அதன்பின் ஒவ்வொரு குழிக்கும் இன்னும் திருகி, சீக்கிரம் கிழியும். சவாரியும் கட்டை மாதிரி இருக்கும். தெஹிவளையில் வேறொரு பாஸிடம் கொண்டுபோய், நாலு சில்லும் நிலத்தில் நிற்க, எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைக் கையால் குலுக்கிவிட்டு மறுபடி இறுக்கினோம். அந்த ஒரு வேலையிலேயே சவாரி மாறியது.

உயரத்தைச் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்தேன். முன்னால் 45 மி.மீ., பின்னால் 70 மி.மீ. கூடியிருந்தது. பின்னால் கூடியது முழுவதும் லிஃப்ட் அல்ல. அதில் ஒரு பங்கு பழைய ஸ்பிரிங் இழந்ததைப் புதுசு மீட்டது. இப்போது கல் ஏற்றினால் வண்டி இறங்குகிறது, ஆனால் இடிப்பதில்லை. கல் இல்லாமல் கொழும்புக்குள் ஓடும்போது பின்பக்கம் கொஞ்சம் இறுக்கம். என் பாரத்துக்கு ஏற்றபடி எடுத்ததால் அது எனக்குச் சரி. வெறும் வண்டி ஓட்டுகிறவர் தன் பாரத்தைச் சொல்லி, இளக்கமானதைக் கேட்க வேண்டும். ஷொக் பற்றி ஒரு வார்த்தை: இரட்டைக் குழாய், உள்ளே நைட்ரஜன் வாயு. பலகை பலகையாக மடிந்து கிடக்கும் கிரவல் ரோட்டில் தொடர்ந்து அடிபடும்போது எண்ணெய் நுரைக்காமல் அந்த வாயு பார்த்துக்கொள்கிறது. தணமல்வில தாண்டி உள்வீதிகளில் பழைய ஷொக் சூடேறித் துவண்டுபோகும். இது கடைசிவரை ஒரே பிடியில் இருக்கிறது. எனக்குக் காசு மீண்டது அங்கேதான்.

பலர் எதிர்பார்த்து ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. ஸ்பிரிங் லிஃப்ட் போட்டால் டிஃப் (அச்சின் நடுவில் தொங்கும் கியர் உருண்டை) உயராது. அச்சு சில்லோடு இருக்கிறது, சேசிஸ் மட்டும்தான் மேலே போகிறது. டிஃப்பை உயர்த்துவது டயர் மட்டும். 205/70 ஆர்15 டயரிலிருந்து 215/75 ஆர்15-க்கு மாறினேன். கணக்குப்படி விட்டம் 668 மி.மீ.-இலிருந்து 703 சொச்சம், ஆக டிஃப் உயர்ந்தது 18 மி.மீ. அதற்கே ஸ்பீடோமீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டும், 1.3 லீட்டர் எஞ்சினும் எல்ல ஊர் மலையேற்றத்தில் ஒரு கியர் கீழே கேட்கும். 235/75 போட்டால் 33 மி.மீ. கிடைக்கும், கூடவே கியர் விகிதத்தில் 10 சதவீதம் போகும். கியர் மாற்றாமல் அது இந்த எஞ்சினுக்குக் கொடுமை.

2 அங்குலத்துக்கு மேல் ஏன் போகவில்லை என்றால், இது 2030 மி.மீ. வீல்பேஸ் உள்ள ஒடுங்கிய வண்டி. 1988-இல் அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை, அங்கே சமுராய் என்ற பெயரில் விற்ற இதே வண்டியைச் சோதித்து, சட்டென்று திருப்பினால் கவிழக்கூடும் என்று எழுதியது. சுசூகி அதை மறுத்து 1996-இல் வழக்குப் போட்டு, 2004-இல் சமரசமானது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உயர்த்தாத வண்டியைப் பற்றியே அவ்வளவு பேச்சு என்றால், அச்சுக்கு மேல் ஸ்பிரிங்கைத் தூக்கி வைத்து ஐந்து அங்குலம் உயர்த்தியதில் என் ஆட்களை ஏற்ற எனக்கு மனம் வராது. முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பொக்ஸை விட்டுத் தனியே இருப்பதால் இதன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்களும் குட்டை. அந்த உயரத்தில் அவற்றுக்கும் வேலை வைக்கும்.

காசு கொடுக்குமுன் ஒரு சின்னச் சுத்தியலோடு ஜீப்புக்கு அடியில் படுங்கள். கடற்கரையோரம் வண்டி நிறுத்துகிற நம் பக்கத்தில், மரைன் டிரைவ் உப்புக்காற்று ஸ்பிரிங் தாங்கும் ஹேங்கர்களைத்தான் முதலில் தின்கிறது. தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தாலோ செதில் உதிர்ந்தாலோ லிஃப்ட் காசை அப்படியே வெல்டிங் பாஸிடம் கொடுங்கள், ஸ்பிரிங் அடுத்த வருடம் வாங்கலாம். பூட்டி முடித்த பிறகு ஸ்டியரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பி, அச்சைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு மாற்றத்தை எழுத்தில் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட கடிதத்தை வண்டிக்குள் வைத்திருங்கள்.