அடுக்கு மர உத்திரத்துக்கு வலு: இரும்புக் கம்பியா, கார்பன் பட்டையா, கண்ணாடி இழையா?

மதுரைப் பக்கம் தோப்பு வீட்டுக்கோ விருந்துக் கூடத்துக்கோ அடுக்கு மர உத்திரம் (பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டியது) போட நினைப்பவர்கள், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்கிறார்களே தவிர, எப்படி உடையும் என்று கேட்பதில்லை. பாரம் மிகும்போது உத்திரத்தின் மேற்புறம் நசுங்கி மெல்லச் சுருக்கம் விழும். அடிப்புறமோ கணு இருக்குமிடத்திலோ பலகை முனைகளைப் பல்லிட்டுச் சேர்த்த இடத்திலோ முன்னறிவிப்பின்றிக் கிழிந்துவிடும். அடிப்புறத்துக்கு வலுவூட்டி, முதல் சேதம் மேற்புறத்தில் நிகழும்படி செய்துவிட்டால், உத்திரம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்து, கீழே இருப்பவர்கள் விலகிக்கொள்ள அவகாசம் தரும்.

150 மி.மீ. அகலமும் 300 மி.மீ. உயரமும் கொண்ட உத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியிலிருந்து 30 மி.மீ. உயரத்தில் 12 மி.மீ. டிஎம்டி கம்பி இரண்டைப் புதைத்தால், குறுக்குவெட்டில் இரும்பின் பங்கு அரை சதவீதம்தான். ஆயினும் மரத்தின் மீள்மை எண்ணை (இழுத்தால் எவ்வளவு நீளாமல் நிற்கும் என்பதன் அளவு) 12 ஜிகாபாஸ்கல் என்று கொண்டு கணக்கிட்டால், விறைப்பு, அதாவது தொய்யாமல் நிற்கும் திறன், ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. அதே அளவுள்ள கண்ணாடி இழைக் கம்பிகளை அதே இடத்தில் வைத்தால் 3 சதவீதம்கூடத் தேறாது. 100 மி.மீ. அகலமும் 1.4 மி.மீ. கனமும் உள்ள கார்பன் பட்டையை (கார்பன் இழைகளைப் பிசினில் இறுக்கிச் செய்தது) அடிமுகத்தில் ஒட்டினால் 11 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும்.

கார்பன் பட்டையின் வலிமை எண் விளம்பரத்தில் மலைக்க வைக்கும். ஆனால் அது அறுந்துபோக 1 சதவீதத்துக்கு மேல் நீள வேண்டும். மரமோ பெரும்பாலும் அரை சதவீதத்தை எட்டும் முன்பே கிழிந்துவிடும். முன்கூட்டியே இழுத்துப் பூட்டாத வரையில், அந்த வலிமையில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும், அதற்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம். எஃப்இ 500 தர இரும்புக் கம்பி 0.25 சதவீத நீட்சியிலேயே இளகத் தொடங்கி, இழுவிசையை விடாமல் தாங்கியபடியே நீண்டுகொண்டு போகும். வளைந்து கொடுக்கும் தன்மைதான் வேண்டும் என்றால், மலிவான இரும்புக்கே என் வாக்கு.

அதற்காக மேற்புறத்திலும் கம்பி வைத்துவிடலாமே என்று சில மேஸ்திரிகள் கேட்பார்கள். விறைப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் மேல்மரம் நசுங்கித்தான் நமக்கு எச்சரிக்கை கிடைக்கிறது, அந்த நசுங்கலையே தடுத்துவிட்டால் முறிவு மறுபடியும் அடிப்புறத்துக்கே திரும்பிவிடும்.

உண்மையான சோதனை, கம்பியையோ பட்டையையோ மரத்தோடு பிணைக்கும் பசையில் இருக்கிறது. சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிப் பசைகள் பல 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் இங்கே வெளியிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது என்றால், தகரக் கூரையை ஒட்டிய இடத்தின் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை. 22 மி.மீ. கனமுள்ள அடிப்பலகைக்கு மேலே, 16 மி.மீ. காடியில் (மரத்தில் வெட்டிய நீள்பள்ளத்தில்) புதைத்த கம்பிக்கு மரமே போர்வை. தீப்பிடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. வீதம் கரியாகும் மரம் அரை மணி நேரம் தடுத்து நிற்கும். பசைக்குச் சூடு அதற்கு முன்பே எட்டும் என்றாலும், வெளியே ஒட்டிய கார்பன் பட்டைக்கு அந்த அவகாசமும் இல்லை.

தேக்காக இருந்தால் அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுதலைக் கெடுக்கும். ஆகவே இழைப்புளி போட்ட அன்றே, தின்னரால் துடைத்து ஒட்டிவிட வேண்டும். கம்பியின் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, கம்பியைச் சுற்றி 2 மி.மீ. பசை முழுதாகச் சூழுமாறு காடியை நிரப்ப வேண்டும்.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில், மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்திரங்களைக் கழற்ற முடியாது. அவற்றின் அடிமுகத்தை மட்டுமே தொட முடியும் என்பதால் கார்பன் பட்டைக்கு அங்கே நியாயம் உண்டு. ஐப்பசி மழைச் சாரல் விழும் திறந்த தாழ்வாரத்துக்குத் துருப்பிடிக்காத கண்ணாடி இழையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் விறைப்பை அதனிடம் எதிர்பார்க்காமல் உத்திரத்தின் உயரத்தைக் கூட்டித்தான் பெற வேண்டும். புதிதாகச் செய்யும் உத்திரம், மேலே கூரை இருக்கிறது என்றால், புதைத்த இரும்புக் கம்பியே போதும்.