ஐசியுவா, வீடா? முற்றிய நோயில் எது சரி?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முற்றிய புற்றுநோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்களுக்காக இது.

வலி: ஐசியுவில் வென்டிலேட்டர் வைத்தால் தொண்டைக்குள் குழாய், பேச முடியாது, பிடுங்கிவிடாமல் கையைக் கட்டுவதும் உண்டு. வீட்டில், மருத்துவர் எழுதித் தரும் மார்ஃபின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும். பேத்தியிடம் நாலு வார்த்தை பேசலாம்.

செலவு: தனியார் ஐசியுவில் தினமும் ஏறும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது.

பராமரிப்பு: இதில் வீடுதான் கடினம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட ஆள் வேண்டும்.

நிமோனியா போல மீள வாய்ப்பிருந்தால் ஐசியு, தயங்கவே வேண்டாம். மீளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் வீடு என்பேன். ஆனால் முதலில் நோயாளியிடம் கேளுங்கள். செயற்கைச் சுவாசம் வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையும் எளிதானது.