போன் ஸ்கேனா, பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனா?

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

போன் ஸ்கேன் பழையது, மலிவானது. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த எம்டிபி மருந்தைக் கை நரம்பில் ஏற்றிவிட்டு, அது எலும்பில் போய்ப் படியும் வரை 2 முதல் 4 மணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு, அடிக்கடி பாத்ரூம் போய்க்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது, இது புற்றுநோயைப் பார்ப்பதில்லை, எலும்பு எங்கே தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. அதனால் தேய்ந்த முழங்கால், போன மாதம் வழுக்கி விழுந்ததில் விரிசல் விட்ட விலா எல்லாமே புற்றுநோய் பரவிய இடம் போலவே கருப்பாகத் தெரியும், ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே கலங்கிப்போகும்.

பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் ஏற்றும் கதிரியக்க மருந்து, புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லின் மேலிருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தையே தேடிப் போய் ஒட்டுவது. எலும்பு, நிணநீர்க் கணு இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் 302 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான புரோபிஎஸ்எம்ஏ ஆய்வில் இதன் துல்லியம் 92 சதவீதம், சிடி, போன் ஸ்கேன் இரண்டும் சேர்ந்தே 65தான். ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது, சில கட்டிகளில் அந்தப் புரதமே இருக்காது.

என்னைக் கேட்டால், புதிதாகக் கண்டுபிடித்த, வீரியம் அதிகமான நோய் என்றால் முடிந்தவர்கள் பிஎஸ்எம்ஏ எடுக்கலாம். ஏற்கெனவே போன் ஸ்கேனில் பின்தொடர்பவர்களுக்கு, பழைய படத்தோடு வைத்துப் பார்க்க அதே ஸ்கேன்தான் வசதி.