ரேடியோ காலர்: ஸூலுலாந்துக் காட்டில் பல வருடம் புழங்கிய பிறகு

தென்னாப்பிரிக்காவில், வடக்கு ஸூலுலாந்தில் ஒரு தனியார் வனக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். யானை, சிங்கம், காட்டுநாய் எங்கே போகின்றன, என்ன செய்கின்றன என்று தினமும் பார்த்துப் பதிவு செய்வதுதான் வேலை. இதற்காக மிருகத்தின் கழுத்தில் மாட்டும் பட்டைதான் காலர். ரேடியோ அலையில் பீப் ஓசை மட்டும் அனுப்பும் சாதாரண விஎச்எஃப் காலர், செல்போன் டவர் வழியாகத் தகவல் அனுப்பும் ஜிபிஎஸ் காலர், இரிடியம் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் காலர் என்று மூன்றையும் பல வருடமாகப் பயன்படுத்தியாகிவிட்டது. பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு காலர்கூட ஒரே மாதிரி உழைப்பதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு விலை உயர்ந்த ஜிபிஎஸ் காலர் வாங்கினாலும், உள்ளே விஎச்எஃப் பீக்கன், அதாவது அந்தப் பீப் அனுப்பும் கருவி, தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

தமிழ்நாட்டு நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அரிக்கொம்பனுக்கு மாட்டினாங்களே, அதுவா?" ஆமாம், அந்த ரகம்தான். 2023-இல் சின்னக்கானலில் பிடித்து, காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்ட யானை அடுத்த மாதமே கம்பம் தெருவில் வந்து நின்றதே! காலர் யானையை நிறுத்தாது. எங்கே இருக்கிறது என்று சொல்லும், அதுவும் சிக்னல் கிடைத்தால்.

விஎச்எஃப் பழைய சரக்கு. 1961-இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் கரடிக்கு மாட்டியதற்கும் இன்று நான் மாட்டுவதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு காலருக்கும் தனி அலைவரிசை. ரிசீவரில் பீப் பீப் என்று கேட்கும். யாகி ஆன்டெனாவைச் சுற்றித் திருப்பி, ஓசை பலமாக வரும் திசையைக் குறித்துக்கொண்டு, வேறு இடத்துக்குப் போய் மறுபடி குறித்தால், இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் மிருகம். ஏட்டில் அப்படித்தான். எங்கள் பக்கம் முழுக்க மேடும் பள்ளமும். சிக்னல் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வரும். சிங்கம் கிழக்கே படுத்திருக்க, ரிசீவர் மேற்கே கையைக் காட்டும். மேட்டில் ஏறிக் கேட்பது, ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவை, அதாவது கெயினை, குறைத்துக் கேட்பது, இந்த இரண்டையும் விட்டால் வேறு வைத்தியம் கிடையாது. கிட்டே வந்துவிட்டோம் என்று தோன்றினால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளோடு கேட்டுப்பாருங்கள். அப்போதும் பீப் பலமாக வந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

அடிக்கடி கெட்டுப்போவது காலர் அல்ல, இந்தக் கேபிள்தான். ரிசீவரில் சொருகும் முனை ஆடி ஆடி உள்ளே அறுந்துவிடும். புதிது வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்காகும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சித்தப்பாதான் எனக்குக் கதி. முதல் தடவை ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எழுபத்தாறுல இந்த நாட்டுக்கு டிவி வந்தப்ப நான் கூரை கூரையா ஏறி மாட்டினது இதைத்தானே? இதைத் தூக்கிக்கிட்டா சிங்கம் தேடுறே?" என்று சிரித்தார். அவர் பற்றவைத்த கேபிள் கம்பெனிக் கேபிளைவிட அதிக நாள் உழைக்கிறது.

ஜிபிஎஸ் காலரின் வசதியை மறுக்க முடியாது. இரவில் சிங்கம் நடந்த வழி காலையில் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். ஆனால் விற்பவர்கள் சொல்லும் பேட்டரி ஆயுளை நம்பித் திட்டம் போடாதீர்கள். மணிக்கு ஒரு முறை இடம் குறிக்கச் சொன்னால் ஒரு கணக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் வேறு கணக்கு. அடர்ந்த மரத்தடியில் படுத்திருக்கும் மிருகத்தின் காலர் செயற்கைக்கோளைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். இன்னொரு தொல்லை, நேரம். பேட்டரியை மிச்சப்படுத்த விஎச்எஃப் பீக்கனைப் பகலில் மட்டும் இயங்கும்படி அமைத்து அனுப்புவார்கள். எங்களுக்கு வந்த ஒரு தொகுதியில் காலை ஆறு முதல் மாலை ஆறு என்று போட்டிருந்தது, கிரீன்விச் நேரப்படி! தென்னாப்பிரிக்கா அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. சிங்கத்தைத் தேட உருப்படியான விடியற்காலை முழுக்க மௌனம், வெயில் ஏறி எட்டு மணிக்குத்தான் பீப். மாட்டுவதற்கு முன் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், காந்தம். காந்தம் ஒட்டியிருக்கும்வரை காலர் தூங்கும். அதை எடுத்துவிட்டு, ரிசீவரில் பீப் கேட்ட பிறகுதான் மிருகத்துக்கு மயக்க ஊசி.

டவர் வழிக் காலரின் லட்சணம் லோட்ஷெடிங் காலத்தில் தெரிந்தது. 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டவர் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விடும். காலர் தகவலைச் சேமித்து வைத்து, டவர் உயிர் வந்ததும் மொத்தமாகக் கொட்டும். ஆராய்ச்சிக்கு இது போதும். வேலியைத் தாண்டி கரும்புத் தோட்டத்துக்குள் நுழையும் யானைக்குப் போதாது. "யானை வேலியருகே" என்ற எச்சரிக்கை, தோட்டக்காரர் போனில் திட்டி முடித்த பிறகு வந்து சேரும். அதனால் எங்களிடம் யானைக்கு இரிடியம்தான். மாதச் சந்தா வலிக்கிறது, வேறு வழியில்லை.

மாட்டுவதைப் பற்றி. யானைக் காலர் கன்வேயர் பெல்ட் போன்ற தடித்த பட்டை. கருவி பிடரிக்கு மேல் வானத்தைப் பார்த்து நிற்கவேண்டும் என்பதற்காகக் கீழே ஒரு எடைக் கட்டி தொங்கும். எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டும். ஹெலிகாப்டரிலிருந்து எம்-99 என்ற எட்டார்ஃபின் மயக்க ஊசி, சில நிமிடத்தில் யானை சாயும். நெஞ்சை அழுத்திக் குந்திவிட்டால் மூச்சு முட்டும், பக்கவாட்டில் தள்ளிப் படுக்கவைத்தாக வேண்டும். தும்பிக்கை நுனி மூடாமலிருக்க ஒரு குச்சி, கண்ணில் வெயில் படாமல் காதையே மடித்துப் போர்த்தல், உடம்பில் தண்ணீர். கழுத்துக்கு அடியில் பட்டையைச் செருகி இழுப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். இளம் ஆண் யானைக்கு மாட்ட நான் எப்போதும் எதிர்ப்பு. கழுத்து பெருத்துக்கொண்டே போகும், பட்டை பெருகாது. இளம் ஆண் சிங்கத்துக்கும் இதே பதில். காண்டாமிருகத்துக்குக் கழுத்தில் மாட்டினால் நழுவிவிடும் என்பதால் காலில் கட்டுகிறார்கள், அல்லது கொம்பில் துளையிட்டு டிரான்ஸ்மிட்டரைப் புதைக்கிறார்கள்.

மனசாரப் பரிந்துரைப்பது காட்டுநாய்க்கான சுருக்குத் தடுப்புக் காலரை. மான் பிடிக்க வைக்கும் கம்பிச் சுருக்கில் காட்டுநாய்களும் அடிக்கடி மாட்டும். பட்டையில் பொருத்திய உலோகத் தகடு கம்பியைத் தாங்கிக்கொள்வதால் கழுத்து அறுபடுவதில்லை. கம்பி உரசிய தடம் ஆழமாகப் பதிந்த ஒரு பட்டையைக் கழற்றியிருக்கிறோம். அதைப் போட்டிருந்த நாய் பிறகு குட்டி போட்டது.

தகவல் பாதுகாப்பைக் காலர் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. 2013-இல் இந்தியாவின் பன்னா காப்பகத்தில் ஒரு புலியின் ஜிபிஎஸ் தகவல் வரும் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழையப் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது. எங்களிடம் கடவுச்சொல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. விருந்தினர் வண்டிகளுக்கு அலைவரிசை தருவதே இல்லை. எத்தனை பேர் முகம் சுளித்தாலும் சரி.

கடைசியாக, கழற்றும் செலவு. ஹெலிகாப்டர், மருத்துவர், மருந்து எல்லாம் சேர்ந்தால் சில சமயம் காலர் விலையையே மிஞ்சும். பேட்டரி தீர்ந்த பட்டையை மிருகத்தின் கழுத்தில் விட்டுவைப்பது அநியாயம். தானே கழன்று விழும் டிராப்-ஆஃப் கருவி சில தடவை சொன்ன நாளில் விழுந்தது, சில தடவை அசையவே இல்லை. அடுத்த பட்ஜெட்டில் ஒவ்வொரு புதிய காலருக்கும் பக்கத்திலேயே அதைக் கழற்றும் பணத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.